சூடாக வருகிறது, ஈரமாகவும் வருகிறது

வீட்டு மெஷின்கள்: வாசகர் கேள்வியும் பதிலும்

கேள்வி: அண்ணா, நாங்கள் வெள்ளவத்தையில், மரைன் டிரைவ் பக்கமாக மூன்றாம் மாடி ஃப்ளாட்டில் இருக்கிறோம். எங்களிடம் இருப்பது 7 கிலோ டிரையர், பின்னால் குழாய் வைத்துக் காற்றை வெளியே தள்ளும் வகை. வாங்கி மூன்று வருடம். முன்பெல்லாம் ஒன்றேகால் மணித்தியாலத்தில் எல்லாம் காய்ந்துவிடும். இப்போது இரண்டரை மணித்தியாலம் ஓடினாலும் துவாய்கள் சூடாக வருகின்றன, ஆனால் ஈரமாக இருக்கின்றன. ஜீன்ஸின் இடுப்புப் பட்டி காய்வதே இல்லை. பிள்ளைகளின் வெள்ளை யூனிஃபோமில் பூஞ்சண மணம் வருகிறது. திருத்த வந்தவர் ஹீற்றர் பழுது என்று சொல்லி மாற்றினார். 18,000 ரூபாய் கொடுத்தோம், ஒரு வித்தியாசமும் இல்லை. மார்ச் மாதம் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தபோது மெஷினைச் சமையலறையில் இருந்து பின்பக்கச் சின்ன அறைக்கு மாற்றினோம். குழாய் ஜன்னல் வழியாகக் கடல் பக்கம் போகிறது. நுளம்பு வராமல் அதன் வாயில் வலை கட்டியிருக்கிறோம். மே மாதத்துக்குப் பிறகு இன்னும் மோசம். புது மெஷின்தான் வாங்க வேண்டுமா?
ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: வேண்டாம் தங்கச்சி. புது மெஷினுக்குக் காசு கட்ட முதல் இந்தப் பதிலை முழுவதும் வாசியுங்கள். உங்களுக்கு வேண்டிய சாமான் அனேகமாக ஒரு கத்தரிக்கோல் மட்டும்தான்.

துவாய் சூடாக வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் ஹீற்றர் வேலை செய்கிறது, முதலிலும் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. ஹீற்றர் போன டிரையரில் உடுப்பு குளிர்ந்து, ஈரமாக வரும். சூடாகவும் ஈரமாகவும் வந்தால் அனேகமாக அதற்கு ஒரு அர்த்தம்தான்: சூடு இருக்கிறது, ஈரத்தைத் தூக்கிக்கொண்டு போகக் காற்று இல்லை. முப்பது வருடமாக இந்த வேலை செய்கிறேன். இந்த ஒரு விஷயத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு நல்ல ஹீற்றரைக் கழற்றி எறிந்த வீடுகள் எத்தனையோ பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் மனம் நோகும், ஏனென்றால் அது ஒரு குடும்பத்தின் சாப்பாட்டுக் காசு.

யாழ்ப்பாணத்தில் சோளகம் வீசுகிற நாட்களை நினைத்துப் பாருங்கள். நிழலில் கட்டின கொடியில் போட்ட சாரம்கூட ஒரு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். வெயிலே படாது, காற்றுத்தான் காயவைக்கிறது. டிரையரும் அப்படித்தான். 4 கிலோ உடுப்பை வோஷிங் மெஷினில் நிமிடத்துக்கு 800 சுற்று வேகத்தில் பிழிந்து எடுத்தால், அதற்குள் இன்னும் இரண்டரை லீற்றருக்கு மேல் தண்ணீர் இருக்கும். அவ்வளவு தண்ணீரும் ஆவியாகி, உங்கள் குழாய் வழியாக வெளியே போய்ச் சேர வேண்டும். வழி அடைபட்டால் ஆவி திரும்பத் திரும்ப அதே துவாய்க்குள்தான் சுற்றும்.

இனி உங்கள் வீட்டு வழியைப் பார்ப்போம். முதல் சந்தேகம் அந்த நுளம்பு வலைதான். டெங்குக்குப் பயந்து கட்டியிருக்கிறீர்கள், கொழும்பில் யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் டிரையர் வெளியே தள்ளுவது வெறும் காற்று இல்லை. ஃபில்டரில் பிடிபடாத மெல்லிய பஞ்சுத் தூசும் சேர்ந்து வருகிறது, அதுவும் ஈரமாக. நுளம்பு வலையின் கண்களில் அது ஒட்டி, நாலைந்து தடவை ஓடியதும் கம்பளம் மாதிரி ஒரு படை பிடித்துவிடும். போன வருடம் பம்பலப்பிட்டியில் ஒரு வீட்டில் அந்த வலையைக் கழற்றியபோது, சாம்பல் நிறத்தில் முழு வட்டமாக, ஒரு ரொட்டி போலக் கையோடு வந்தது. அந்த அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இதற்குள்ளால் எப்படிக் காற்றுப் போகும் என்று தானே கேட்டார். டிரையர் வாயில் எந்த வலையும் கட்டக்கூடாது. கத்தரித்து எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக மெல்லிய பிளாஸ்ரிக் மூடி வைத்த வெளிவாய் ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கும். காற்று வரும்போது திறக்கும், நின்றதும் தானாக மூடும். நுளம்பும் வராது, அணிலும் கூடு கட்டாது.

இரண்டாவது, வெளிவாய் கடல் பக்கம் பார்ப்பது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று நேராக உங்கள் ஜன்னலில்தான் வந்து மோதுகிறது. டிரையரின் சின்னக் காற்றாடி தள்ளுகிற காற்றைக் கடல்காற்று எதிரே நின்று திருப்பித் தள்ளுகிறது. மே மாதத்துக்குப் பிறகு மோசம் என்று நீங்கள் எழுதியதற்குக் காரணம் மழையின் ஈரம் என்று நினைத்திருப்பீர்கள். அது பெரிய காரணம் இல்லை. 28 பாகையில் 80 வீத ஈரப்பதம் உள்ள கொழும்புக் காற்றை 60 பாகைக்குச் சூடாக்கினால், அதன் ஈரப்பதம் ஏறத்தாழ 15 வீதமாகக் குறைந்துவிடும். அவ்வளவு காய்ந்த காற்று எந்த மழை நாளிலும் துவாயை உலர்த்தும், வெளியே போக விட்டால். முடிந்தால் குழாயைப் பக்கச் சுவரால் எடுங்கள். முடியாவிட்டால் வெளியே ஒரு வளைவு போட்டு வாயை நிலத்தைப் பார்க்கத் திருப்பி விடுங்கள்.

மூன்றாவது குழாய். மெஷினை மாற்றும்போது சுவரோடு ஒட்டித் தள்ளியிருப்பீர்கள், இல்லையா? பெயின்ட் வேலை முடிந்த வீடுகளில் எல்லாம் இதுதான் நடக்கும். பின்னால் அந்த மடிப்பு மடிப்பான குழாய் நசுங்கிக் கிடக்கும். அதன் விட்டம் 100 மில்லிமீற்றர், அது முழுவதும் தேவை. மெஷினுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு சாண் விடுங்கள். குழாய் இரண்டு மீற்றருக்கு மேல் போகாவிட்டால் நல்லது. ஒவ்வொரு வளைவும் காற்றைத் தடுக்கும். தொய்ந்து தொங்கவும் விடக்கூடாது, ஏனென்றால் சூடான ஆவி குழாய்க்குள் குளிர்ந்து தண்ணீராகி அந்தத் தொய்விலே தேங்கும். நான் ஒரு குழாயைக் கழற்றியபோது இரண்டு சுண்டுத் தண்ணீர் நிலத்தில் கொட்டியது. அதற்குள் ஊறின பஞ்சின் மணம்தான் உங்கள் பிள்ளைகளின் யூனிஃபோமில் வருகிற மணம் மாதிரியும் இருந்தது. ஆனால் உங்கள் யூனிஃபோமில் மணம் வருவதற்குப் பெரிய காரணம், அரை ஈரத்தோடு மடித்து அலுமாரியில் வைப்பது. டிரையர் சரியாகும் வரைக்கும் ஃபேனுக்குக் கீழே ஒரு மணித்தியாலம் விரித்துப் போட்டுவிட்டு மடியுங்கள்.

இதெல்லாம் நான் இங்கே இருந்து ஊகித்துச் சொல்வது. நீங்களே நிச்சயப்படுத்த ஒரு வழி இருக்கிறது. பிளக்கைக் கழற்றிவிட்டு, மெஷினின் பின்பக்கத்தில் இருந்து குழாயை முழுவதும் கழற்றுங்கள். ஜன்னலையும் கதவையும் நன்றாகத் திறந்துவிடுங்கள். மூன்று துவாயை நனைத்துப் பிழிந்து போட்டு, குழாய் இல்லாமலே அரை மணித்தியாலம் ஓடவிடுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள். அறை சூடாகும், கண்ணாடி வியர்க்கும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். பின்னால் கை வைத்தால் காற்று ஓங்கி அடிக்க வேண்டும். அப்படி அடித்து, துவாயும் நன்றாக உலர்ந்து வந்தால் மெஷினில் ஒரு குறையும் இல்லை, குற்றம் முழுக்கக் குழாயிலும் வாயிலும்தான். கரண்டில் ஓடும் டிரையருக்கு மட்டும்தான் இந்தச் சோதனை. காஸில் ஓடும் மெஷினில் செய்யவே கூடாது. நான் வளைகுடா நாட்டில் ஹோட்டல் லோண்ட்ரியில் வேலை பழகிய காலத்தில், எங்கள் ஃபோர்மன் கையில் எந்தக் கருவியும் எடுக்க முதல் வெளியே போய்க் குழாயின் வெளிவாயில் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வருவார். இன்றைக்கும் நான் அதையே செய்கிறேன்.

கழற்றிய பிறகும் காற்று மெலிந்தே வந்தால், அடைப்பு மெஷினுக்குள் இருக்கிறது. கதவுப் பக்கத்து ஃபில்டரை எடுத்துத் தண்ணீர்ப் பைப்புக்குக் கீழே பிடியுங்கள். தண்ணீர் உடனே வழிந்து போக வேண்டும். மேலே தேங்கி நின்றால், கண்ணுக்குத் தெரியாத ஒரு மெழுகுப் படை பிடித்திருக்கிறது. உடுப்பு மெத்தென்று வர ஊற்றுகிற அந்த வாசனைத் திரவத்தின் வேலை அது. சுடுநீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டுப் பழைய டூத் பிரஷால் தேய்த்துக் கழுவி, காயவைத்துப் போடுங்கள். ஃபில்டர் இருந்த பொந்துக்குள்ளும் எட்டிப் பாருங்கள், அங்கேயும் பஞ்சு கிடக்கும். அதற்கும் உள்ளே காற்றாடி இருக்கிற பகுதியைத் திறப்பது தெரிந்த ஒருவரின் வேலை.

அறைக் கதவைச் சாத்திவிட்டு ஓடவிடுகிறீர்களா? சின்ன அறை என்று எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன். வெளியே தள்ளுகிற அளவு காற்று அறைக்குள் வந்தாக வேண்டும். கதவு கொஞ்சமாவது திறந்திருக்கட்டும். ஏசி போட்ட அறையில் வைத்தால், நீங்கள் காசு கொடுத்துக் குளிராக்கிய காற்றைத்தான் அது வெளியே தள்ளும்.

இனி ஒரு விஷயம், இதை மிகவும் கவனமாக வாசியுங்கள். காற்று அடைபட்டால் உள்ளே சூடு ஏறும். அளவுக்கு மேல் ஏறினால் ஒரு தெர்மோஸ்ரட் ஹீற்றரை நிறுத்தும், குளிர்ந்ததும் திரும்பப் போடும். அதனால்தான் உங்கள் மெஷின் இரண்டரை மணித்தியாலம் ஓடியும் பாதி நேரம் சும்மா உருள்கிறது. இன்னும் ஏறினால் கடைசிக் காவலாக ஒரு தெர்மல் ஃபியூஸ் இருக்கிறது. அது ஒரு முறை போனால் போனதுதான், புதிதாகத்தான் போட வேண்டும். அது போவது, எங்கோ அடைப்பு இருக்கிறது என்று மெஷின் சொல்கிற செய்தி. சிலர் அந்த ஃபியூஸை எடுத்துவிட்டு வயரை நேரே முறுக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். மெஷின் ஓடும், நீங்களும் சந்தோஷப்படுவீர்கள். ஆனால் அதற்குப் பிறகு சூட்டுக்கும் பஞ்சுக்கும் இடையில் ஒரு காவலும் இல்லை. காய்ந்த பஞ்சு நெருப்புக்குச்சி மாதிரிப் பற்றும். திருத்த வருகிறவர் ஃபியூஸ் மாற்றினேன் என்றால் பழையதைக் கையில் கேளுங்கள், புதியதின் பெட்டியையும் காட்டச் சொல்லுங்கள். தெர்மோஸ்ரட்டும் அப்படித்தான். இதைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

நெருப்பு என்று வந்ததால் இதையும் சொல்கிறேன். சனி முழுக்குக்கு நல்லெண்ணெய் வைத்துத் தலை துடைத்த துவாயை டிரையரில் போடாதீர்கள். ஒரு முறை துவைத்தாலும் எண்ணெய் முழுவதும் போகாது. எண்ணெய் ஊறிய துணி சூடாகிக் குவியலாகக் கிடந்தால், உள்ளே சூடு தானாகவே ஏறிக்கொண்டு போய்ப் பற்றவும் கூடும். சமையலறைத் துணியும் கொடியில்தான் காய வேண்டும். வீட்டில் ஆள் இல்லாத நேரத்திலும் எல்லோரும் தூங்குகிற நேரத்திலும் டிரையர் ஓட வேண்டாம்.

கரண்ட் பக்கம் ஒரு வார்த்தை. எங்கள் வீடுகளுக்கு வரவேண்டியது 230 வோல்ட். மாலை ஆறரைக்கும் பத்தரைக்கும் இடையில் எல்லா வீட்டிலும் பாவனை கூடும்போது சில இடங்களில் அது இறங்கும். 200 வோல்ட்டுக்கு இறங்கினால் ஹீற்றர் முக்கால் பங்கு சூடுதான் தரும். இரவில் மட்டும் காயவில்லை என்றால் இதை நினையுங்கள், பகலில் ஒரு முறை போட்டுப் பாருங்கள். புது அறையில் பிளக் பொயிண்ட் எட்டாமல் மல்டிபிளக்கில் கொடுத்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். இந்த மெஷின் 10 அம்பியர் அளவுக்கு இழுக்கும். அரை மணித்தியாலம் ஓடிய பிறகு மெஷினை நிறுத்தி, பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் பொயிண்டை மாற்ற வேண்டும்.

கடைசியாக, வோஷிங் மெஷினையும் மறக்க வேண்டாம். ஒரு லீற்றர் தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ மூன்றில் இரண்டு யூனிட் கரண்ட் வேண்டும். அதே தண்ணீரை வோஷிங் மெஷின் சுற்றிப் பிழிந்து எடுக்க மிகக் கொஞ்சம் போதும். துவாய்க்கும் ஜீன்ஸுக்கும் இன்னொரு முறை ஸ்பின் கொடுத்துவிட்டு டிரையரில் போடுங்கள். மின்சார பில்லில் வித்தியாசம் தெரியும்.

கேள்வி: கனடாவில் இருக்கும் அண்ணா வீடு மாறுகிறார். அவருடைய பெரிய டிரையரைக் கப்பலில் அனுப்பட்டுமா என்று கேட்கிறார். இங்கே வேலை செய்யுமா?
ஒரு வாசகர், தெஹிவளை

பதில்: அனுப்ப வேண்டாம் என்று இன்றைக்கே ஃபோன் எடுத்துச் சொல்லுங்கள். அங்கே டிரையரின் ஹீற்றர் 240 வோல்ட்டில் ஓடும், உருளையைச் சுற்றும் மோட்டார் 120 வோல்ட்டில் ஓடும். அங்கத்தைய இணைப்பில் இரண்டும் சேர்ந்தே வரும், பிளக்கிலேயே நாலு கால் இருக்கும். எங்கள் வீட்டு இணைப்பு அப்படி இல்லை. தெரியாமல் கொடுத்தால் மோட்டார் அந்த இடத்திலேயே கருகும். அதோடு அங்கே 60 ஹேர்ட்ஸ், இங்கே 50. மோட்டாரும் காற்றாடியும் மெதுவாகத்தான் சுற்றும், காற்றுக் குறையும். அதனால் என்ன ஆகும் என்பதைத்தான் மேலே எழுதியிருக்கிறேன். ட்ரான்ஸ்ஃபோமர் வைத்து ஓட்டலாம் என்று யாராவது சொன்னால், அந்த மெஷினுக்கு 5,000 வாட்டுக்கு மேல் தேவை, எங்கள் சதுரக்கால் பிளக் 13 அம்பியருக்குத்தான், அதாவது 3,000 வாட் அளவுக்கு. உறவினர் லண்டனில் இருந்து அனுப்புகிறார் என்றால் வேறு கதை. அங்கேயும் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், பிளக்கும் அதே சதுரக்கால். அண்ணாவின் பாசம் பெரிது. கப்பல் காசை அவர் கையில் அனுப்பட்டும், இங்கே ஒன்று வாங்கலாம்.

கேள்வி: புதிதாக ஹீட் பம்ப் டிரையர் வாங்கினோம். மூன்று மணித்தியாலம் எடுக்கிறது. சில நாட்களில் நேரத்துக்கு முன்பே நின்றுவிடுகிறது, திறந்தால் மெல்லிய உடுப்பு காய்ந்தும் தடித்தது ஈரமாகவும் இருக்கிறது. பழுதா?
ஒரு வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: மூன்று மணித்தியாலம் பழுது இல்லை, அம்மா. இந்த வகை காற்றை வெளியே தள்ளாமல் உள்ளேயே சுற்றவிட்டு, ஆவியைத் தண்ணீராக்கி ஒரு டாங்கியில் சேர்க்கும். குறைந்த சூட்டில் மெதுவாகக் காயவைக்கும், அதனால்தான் கரண்டும் மிகக் குறைவாக எடுக்கிறது. உடுப்புக்கும் நல்லது.

நேரத்துக்கு முன்பே நிற்பது வேறு விஷயம். உருளைக்குள், கதவுக்குக் கிட்ட, இரண்டு உலோகப் பட்டைகள் இருக்கும். ஈர உடுப்பு அதில் படும்போது மெஷினுக்கு ஈரம் தெரியும். பள்ளிக்கூடச் சேர்ட்டும் ஜீன்ஸும் ஒன்றாகப் போட்டால், முதலில் காய்ந்த சேர்ட்டுகள் பட்டையில் பட்டு எல்லாம் முடிந்தது என்று சொல்லிவிடும். தடித்ததை வேறாக, மெல்லியதை வேறாகப் போடுங்கள். ஒன்றிரண்டு உடுப்பு மட்டும் போட்டாலும் இதே தொல்லை வரும். அந்தப் பட்டைகளைப் பார்மசியில் வாங்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் கொஞ்சம் பஞ்சில் தொட்டு மாதம் ஒரு முறை துடையுங்கள். ஸ்பிரிட் முழுவதும் உலர்ந்த பிறகு மெஷினைப் போடுங்கள். வினாகிரியும் சரிதான்.

பிறகு கீழ்ப் பக்கத்துச் சின்னக் கதவைத் திறந்து பாருங்கள். பல மாடல்களில் அங்கே ஒரு ஸ்பொஞ்ச் ஃபில்டரும் அதற்குப் பின்னால் மெல்லிய தகடுகளும் இருக்கும். தகடுகளில் பஞ்சு படிந்தால் ஆவி தண்ணீராகாது, டாங்கியில் சேரும் தண்ணீர் வழமையை விடக் குறையும். மென்மையான பெயின்ட் பிரஷால் மேலிருந்து கீழாக மட்டும் துடையுங்கள். தகடு காகிதம் மாதிரி மெல்லியது, வளைந்துவிடும், விரலையும் வெட்டும்.

கேள்வி: பம்பலப்பிட்டியில் போர்டிங் அறையில் இருக்கிறேன். டிரையர் இல்லை, வெளியே கொடியும் இல்லை. மழைக்காலத்தில் ஜீன்ஸ் இரண்டு நாளாகியும் காயவில்லை. என்ன செய்வது?
ஒரு மாணவர்

பதில்: தம்பி, ஜன்னலை மூடி வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மழைச்சாரல் வராத அளவுக்குத் திறந்துவிடுங்கள், அறைக்குள் சேருகிற ஈரம் வெளியே போக வேண்டும். பிழிந்த ஜீன்ஸைக் காய்ந்த துவாய்க்குள் சுருட்டி, அதன் மேல் முழங்காலை வைத்து அழுத்துங்கள். துவாய் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று பாருங்கள். ஜீன்ஸை உள்பக்கம் வெளியே திருப்பி, பொக்கற்றுகளை வெளியே இழுத்துவிட்டு, இடுப்பு வட்டமாகத் திறந்திருக்கும்படி இரண்டு ஹாங்கரில் மாட்டுங்கள், ஒரு குழாய் மாதிரி. பக்கத்து உடுப்புக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். மேசை ஃபேனை நிலத்தில் வைத்து, கீழிருந்து அந்தக் குழாய்க்குள் காற்றுப் போகும்படி திருப்பிவிடுங்கள். தண்ணீர் சொட்டி ஃபேனில் விழாதபடி கொஞ்சம் தள்ளி வையுங்கள். இடுப்புப் பட்டியும் பொக்கற் துணியும்தான் கடைசியாகக் காயும், இரவு படுக்க முதல் அவற்றை ஒரு முறை தொட்டுப் பார்த்து, ஈரமான பக்கத்தை ஃபேனுக்கு நேராகத் திருப்பிவிட்டுப் படுங்கள்.